ஈசானி மூலை முருகன்

கணக்கு வாத்தியார்களுக்கென்று ஒரு வியாதி உண்டு. விடை சரியாக வந்துவிட்டால், கேள்வியையும் சரியாகத்தான் படித்திருக்கிறோம் என்று நம்பிவிடுவார்கள். அந்த வியாதி எனக்கு நன்றாக முற்றியிருந்த காலத்தில்தான் நான் வீடு வாங்கினேன்.

மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபது வருடத்துக்கு மேலாக வடிவியல் நடத்துகிறேன். முக்கோணம், நாற்கரம், செங்கோணம் என்று கரும்பலகையில் போட்டுப் போட்டு, உலகத்தில் உள்ள எல்லாக் கோடுகளும் என்னைக் கேட்டுத்தான் வளைகின்றன என்ற நினைப்பு வந்துவிட்டது. (நினைப்புதானே பொழப்பைக் கெடுக்கும்!)

என் மனைவி செல்விக்கு அந்த நினைப்பெல்லாம் கிடையாது. அவளுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. பெரிய சமையலறை. செல்வி முறுக்கு, சீடை, அதிரசம் செய்து ஆர்டருக்குக் கொடுப்பாள். கல்யாணமானதிலிருந்து ஆறு வாடகை வீடு மாறியிருந்தோம். ஆறிலும் சமையலறை என்பது ஓர் ஆள் திரும்பினால் இன்னோர் ஆள் வெளியே போக வேண்டிய அளவுதான். ஆரப்பாளையத்தில் கடைசியாகக் குடியிருந்தபோது, எண்ணெய்ச் சட்டி காய்ந்த மறு நிமிஷம் வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டு இருமுவார். அவருக்கு இருமல் வருவதற்குள் ஒரு ஈடு எடுத்துவிட வேண்டும் என்று செல்வி பறப்பாள்.

"எனக்கு நகை வேணாம், ஏசி வேணாம். கீழ உக்காந்து, காலை நீட்டி, நிம்மதியா முறுக்குப் புழியணும். அதுக்கு ஒரு இடம். அம்புட்டுதான்" என்பாள்.

அந்த இடம் சமயநல்லூர் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிக் கிடைத்தது. கட்டி ஏழெட்டு வருடமான வீடு. முன்னால் சிமெண்ட் ரோடு. பின்னால், அதாவது கிழக்கே, ஒரு காலி நிலம். வீட்டின் தென்கிழக்கு மூலையில், மற்ற அறைகளைத் தாண்டிக் கிழக்குக் காம்பவுண்டுச் சுவர் வரைக்கும் நீட்டிக்கொண்டு நின்றது பத்தடி அகலச் சமையலறை. வடக்கே ஒரு ஜன்னல், தெற்கே ஒரு ஜன்னல். செல்வி உள்ளே போய் நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"ஏங்க, கை எங்கயும் தட்டலங்க!"

அவள் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. அந்த நிமிஷமே வீட்டை வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். பத்திரங்களைப் பார்த்த வக்கீல், பட்டா சரி, வில்லங்கம் ஏதும் இல்லை என்றார். கூடவே, "எதுக்கும் ஒரு சர்வேயரை வச்சு இடத்தை அளந்துட்டு முடிங்க சார்" என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் செல்வி அதையே பிடித்துக்கொண்டாள். "வக்கீல் சொன்னாருல்ல, ஒரு சர்வேயரை வரச் சொல்லுங்களேன்."

"செல்வி, நான் என்ன வேலை பாக்குறேன்?"

"வாத்தியாரு."

"என்ன வாத்தியாரு?"

"கணக்கு வாத்தியாரு."

"அப்ப சர்வேயர் எதுக்கு? வீட்டுல பால்மாட்டை வச்சுக்கிட்டு யாராச்சும் பால் பாக்கெட்டு வாங்குவாங்களா?" (என்னை நானே மாடு என்று சொல்லிக்கொண்டது அப்போது உறைக்கவில்லை.)

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே களத்தில் இறங்கினேன். நீள டேப் ஒன்று. அதன் மறுமுனையைப் பிடிக்க செல்வியின் தம்பி கண்ணன். பத்திரத்தில் கிழமேல் முப்பதடி, தென்வடல் நாற்பதடி என்று போட்டிருந்தது. காம்பவுண்டுச் சுவரிலிருந்து காம்பவுண்டுச் சுவருக்கு டேப்பை இழுத்தோம்.

"எம்புட்டு மாப்ள?"

"டான்னு முப்பது மாமா."

தென்வடல்? டான்னு நாற்பது. செங்கோணமாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கும் டேப் போட்டேன். ஐம்பது! முப்பது, நாற்பது, ஐம்பது! ஒன்பதாம் வகுப்புப் பாடம் அப்படியே மண்ணில் இறங்கிப் படுத்திருந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. இருபது வருடமாக நான் நடத்திய பாடம் எனக்காகவே ஒரு மனையாக உருவெடுத்து வந்திருப்பதாக நினைத்தேன்.

கண்ணன்தான் மெதுவாகக் கேட்டான். "மாமா, இந்தச் செவுரு சரியான எடத்துலதான் நிக்கிதான்னு எப்படித் தெரியும்?"

"செவுரு என்ன நடந்தா போகும்? டேப்பைச் சுத்து" என்றேன்.

அந்த இடத்தில் இன்னொரு விசேஷமும் இருந்தது. வீட்டுக்குப் பின்னால், வடகிழக்குப் பக்கம், வடக்குச் சுவரை ஒட்டி ஒரு கல் நின்றது. கிழக்குச் சுவரிலிருந்து ஐந்தடி உள்ளே. முழங்கால் உயரம். அப்பிய மஞ்சள், அதற்கு மேல் குங்குமம், காய்ந்துபோன ஒரு செவ்வந்திப் பூ. முன்பு இருந்தவர்கள் வெள்ளிக்கிழமைதோறும் கும்பிட்டு வந்த சாமி என்று புரோக்கர் சொன்னார்.

செல்வி குனிந்து பார்த்தாள். கல்லின் நெற்றியில் மஞ்சள் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. "ஏங்க, இதுல அம்புக்குறி மாதிரி ஏதோ வெட்டியிருக்கு."

நானும் குனிந்து பார்த்தேன். நடுவில் ஒரு கோடு, மேலே கூராக இரண்டு பக்கமும் சரிந்த கோடுகள்.

"அம்பு இல்ல செல்வி. வேல்!"

சொல்லிவிட்டுத் திருப்பரங்குன்றம் இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். கண்ணனும் கும்பிட்டான். செல்வியும் கும்பிட்டாள். ஆனால் கும்பிட்டு முடித்த பிறகும் அவள் அந்தக் கல்லை இன்னொரு தடவை பார்த்தாள். "எதுக்கும் ஒரு சர்வேயரு..." என்று ஆரம்பித்தாள். நான் முறைத்ததும் நிறுத்திக்கொண்டாள்.

சர்வேயர் வேண்டாம் என்ற நான், வாஸ்துக்காரரை மட்டும் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தேன். அவர் உள்ளங்கையில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு வீட்டை வலம் வந்தார். கல்லைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"அக்கினி மூலையில அடுப்பு. ஈசானி மூலையில ஆண்டவன், அதுவும் தானா எழுந்தருளியிருக்கான். இதுக்கு மேல என்ன சார் வேணும்?"

எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. கிரயம் முடிந்தது.

தை மாதம் கிரகப்பிரவேசம். வீட்டுக்குள் பால் காய்ச்சிய கையோடு, ஈசானி மூலை முருகனுக்கும் பாலாபிஷேகம் செய்தோம். பேரையூரிலிருந்து வந்திருந்த என் சின்னம்மா, தன் மகளுக்குக் கல்யாணம் கூடி வரவேண்டும் என்று அந்தக் கல்லுக்கு முன்னால் மஞ்சள் துணியில் காசு முடிந்து வேண்டிக்கொண்டார். சாப்பாட்டுப் பந்தியில் உறவுக்காரர்கள் எல்லாம் கூடி உட்கார்ந்திருந்தபோது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இவ என்ன சொன்னா தெரியுமா? சர்வேயரை வச்சு அளக்கணுமாம்! முருகனே நேர்ல வந்து அளந்து நிக்கிறான். இவளுக்கு அவன் மேலயும் நம்பிக்கையில்ல, என் மேலயும் நம்பிக்கையில்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். பாயசக் கரண்டியோடு நின்ற செல்வியும் சிரித்தாள். என் வாழ்க்கையில் நான் திரும்பப் பெற முடிந்தால் பெற்றுக்கொள்ள விரும்பும் சொற்கள் சில உண்டு. அவற்றில் முதல் வரிசையில் இருப்பவை இவை. வீடு வாங்கியதில் செய்த தப்பைவிட, நாலு பேர் நடுவில் அவளை அப்படிச் சிரிக்க வைத்தேனே, அதுதான் இன்றும் தொண்டையில் நிற்கிறது.

பத்து மாதம் எங்களைப் போல் சந்தோஷமாக இருந்தவர்கள் இல்லை. செல்வி அந்தச் சமையலறையில் கிழக்குச் சுவரோரம் சாக்கை விரித்து, காலை நீட்டி உட்கார்ந்து முறுக்குப் பிழிந்தாள். இருமுவதற்கு மாடியில் யாரும் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் நான் முருகனுக்குச் சந்தனம் சாத்தினேன். தீபாவளி நெருங்கியபோது, அதுவரை இல்லாத அளவுக்கு ஆர்டர் வந்தது. சுவரில் ஒரு காகிதத்தை ஒட்டி, யாருக்கு என்ன பலகாரம் என்று பெயர் பெயராக எழுதி வைத்திருந்தாள்.

ஒரு சனிக்கிழமை காலையில் பெரியவர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். கூடவே கனமான பையும் மூன்று கால் ஸ்டாண்டுமாக முப்பது வயதுப் பெண் ஒருவர்.

"வணக்கம் வாத்தியாரே. எம்பேரு தவமணி. கிழக்கால கெடக்குல்ல காலி எடம், அது என்னுதுதான். நமக்கு இருப்பு திருவாதவூர்ப் பக்கம், அதான் இம்புட்டு நாளா இங்கிட்டு வரல. மகளுக்கு இதுல ஒரு வீடு கட்டலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி அளந்துக்கிருவோம்னு சர்வேயரம்மாவைக் கூட்டியாந்தேன்."

"தாராளமா அளங்கண்ணே!" என்று உட்கார வைத்தேன். காபி கொடுத்தேன். காபியோடு விட்டிருக்கலாம். முப்பது, நாற்பது, ஐம்பது கதையையும் கொடுத்தேன். அந்தச் சர்வேயர் பொறுமையாகக் கேட்டார்.

"அளவு கரெக்டுதான் சார். எந்தக் கல்லுல இருந்து அளந்தீங்க?"

"கல்லா? அப்படி எதுவும் இங்க இல்லையே."

அவர் வரைபடத்தை எடுத்து விரித்தார். "உங்க ரெண்டு பேரு எடத்துக்கும் நடுவுல, வடக்கு மூலையில ஒரு கல்லு இருக்கணுமே சார்" என்று சொல்லிவிட்டுக் கருவியை நிறுத்தினார். ஊரணிக்கரையில் இருந்த வேறொரு கல்லிலிருந்து ஆரம்பித்து அளந்துகொண்டே வந்தார். வந்தவர் எங்கள் பின்கட்டில் நுழைந்து நேராக முருகன் முன்னால் வந்து நின்றார்.

"சார், இது என்ன?"

"முருகன். சுயம்பு. செருப்பைக் கழட்டிட்டு வாங்கம்மா."

அவர் மறுபேச்சில்லாமல் ஷூவைக் கழற்றினார். "கொஞ்சம் தண்ணி ஊத்திக்கலாமா சார்?" என்று கேட்டார். அபிஷேகம்தான் செய்யப்போகிறார் என்று நினைத்து நானே செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். (என் கையால்!) பத்து மாதச் சந்தனமும் ஏழு வருட மஞ்சளும் கரைந்து ஓடின. வெட்டியெடுத்த மாதிரி பளிச்சென்று வேல் தெரிந்தது.

"பாத்தீங்களா, வேல்!" என்றேன் பெருமையாக.

"இது சர்வே அம்புக்குறி சார். கவர்மெண்டு கல்லு" என்றார் அவர்.

தவமணி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை மறைக்க என்று அப்போது நினைத்தேன். எனக்காகச் சங்கடப்பட்டார் என்று பிறகுதான் தெரிந்தது.

தெற்கே, எங்கள் சுவருக்கு வெளியே சாக்கடையோரம், மண்ணுக்கடியில் இதற்கு ஜோடிக் கல் கிடைத்தது. (அதற்கு யாரும் பாலூற்றவில்லை, பாவம்.) இரண்டு கல்லுக்கும் நடுவே சர்வேயர் ஒரு கயிறு கட்டினார். கயிறு முருகனிடமிருந்து புறப்பட்டு, சமையலறையின் வடக்கு ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்து, அடுப்பு மேடையைத் தாண்டி, தெற்கு ஜன்னல் வழியாக வெளியே போனது. பத்தடிச் சமையலறையை ஐந்தும் ஐந்துமாகப் பிரித்துவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். சுவரை எழுப்பியவர்கள் மொத்த மனையையும் ஐந்தடி கிழக்கே தள்ளிப் போட்டுவிட்டார்கள். அதனால் அளவு ஒரு அங்குலம்கூடக் குறையவில்லை. என் முப்பது, நாற்பது, ஐம்பது எல்லாம் சரி. ஆரம்பித்த இடம்தான் தப்பு.

"அப்ப எங்க அஞ்சடி எங்கம்மா?" என்று கேட்டேன்.

"மேக்கால இருக்கு சார். அந்தச் சிமெண்டு ரோட்டுக்கு அடியில."

அந்த நேரம் பார்த்து என்னுடைய ஐந்தடியின் மேல் ஒரு ஷேர் ஆட்டோ நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது.

வெளியே பேச்சு இப்படிப் போய்க்கொண்டிருக்க, செல்வி சமையலறைக்குள் கயிற்றுக்கு அந்தப் பக்கம், வழக்கமான தன் சாக்கில் உட்கார்ந்திருந்தாள். மடியோரத்தில் பிசைந்த மாவு. முகத்துக்கு முன்னால் கயிறு.

"நான் இப்ப யாரு எடத்துல உக்காந்துருக்கேன்?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

சர்வேயர்தான் சொன்னார். "அவுங்க எடத்துல அக்கா."

செல்வி எழுந்தாள். மாவுத் தட்டை எடுத்துக்கொண்டாள். கயிறு தலையில் படாமல் குனிந்து இந்தப் பக்கம் வந்தாள். பிறகு திரும்பவும் குனிந்து போய் சாக்கை உருவிக்கொண்டு வந்தாள். என்னை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன்.

அந்த ஐந்தடியை விலைக்குக் கொடுங்கள் என்று தவமணி அண்ணனிடம் கெஞ்சினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கொடுத்துருவேன் வாத்தியாரே. ஆனா பாகம் பிரிச்சதுல எனக்கு வந்ததே இருபதடி அகலம். அதுல அஞ்சு போச்சுன்னா எம்மக வீட்டை எங்கிட்டுக் கட்டுவா? எடுத்துருங்கன்னு சொல்லவும் எனக்கு வாய் வரல. தீபாவளி ஆர்டரெல்லாம் முடிச்சுக்கங்க தாயி. தை மாசம் பாத்துக்குவோம்."

அதற்குச் செல்வி சொன்ன பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. "வேணாம்ணே. அடுத்தவுக எடம்னு தெரிஞ்ச பெறகு அதுல அடுப்பை வச்சு நான் பலகாரம் சுட்டா, அது வெளங்காது."

எங்களுக்கு விற்றவருக்குப் போன் செய்தேன். நான் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருப்பதாக ஒரு பெண்குரல் சொன்னது. (அந்தப் பெண்ணுக்குக்கூட எல்லை எதுவென்று தெரிந்திருக்கிறது.) புரோக்கரும் அதே எல்லைக்கு அப்பால்தான் இருந்தார்.

அன்று மத்தியானம் செல்வி சுவரிலிருந்த காகிதத்தைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு, அதிலிருந்த ஒவ்வொருவருக்கும் போன் செய்தாள். நான் ஹாலில் பேப்பர் திருத்துவதுபோல் உட்கார்ந்திருந்தேன். "இல்லக்கா, இந்த வருசம் முடியாதுக்கா. ஒண்ணுமில்ல, வீட்டுல கொஞ்சம் கட்டட வேலை நடக்குது." அடுத்த போன். "இல்ல மதினி, வீட்டுல கொஞ்சம் கட்டட வேலை." கடைசி ஆள் வரைக்கும் அதே வார்த்தைகள். என் வீட்டுக்காரருக்கு ஒண்ணும் தெரியல என்று ஒருவரிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் பந்தியில் பேசிய பேச்சுக்கு அவள் எனக்குத் திருப்பிக் கொடுத்தது அதுதான்.

சுவரை இடிக்க ஆள் வந்த அன்று, அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்ததும் அவள்தான். நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் நின்றேன். முதல் செங்கல் விழுந்தபோது, "முன்னால நான் சொன்னப்பவே..." என்று ஆரம்பிப்பாள் என்று காத்திருந்தேன். இன்றுவரை அவள் ஆரம்பிக்கவில்லை.

ஆனால் குடும்பம் என்று ஒன்று இருக்கிறதே, அது விடுமா? கண்ணன் பழைய பைக் வாங்கப் போனபோது நான் எஞ்சினைக் குனிந்து பார்த்தேன். "என்ன மாமா, வேல் தெரியுதா?" என்றான். அதிலிருந்து எங்கள் உறவில் யார் எதை வாங்கினாலும், கத்தரிக்காய் வாங்கினாலும்கூட, "வேல் தெரியுதான்னு வாத்தியார்கிட்ட காமிச்சியா?" என்பதுதான் கேள்வி. போன வருடம் கண்ணன் மனை வாங்கியபோது செல்வி முதலில் கூப்பிட்டது அதே சர்வேயர் பெண்ணைத்தான். வெயிலில் அவருக்குக் குடை பிடிக்கும் பொறுப்பு எனக்குக் கொடுக்கப்பட்டது. அதை மட்டும் பிழையில்லாமல் செய்தேன்.

பேரையூர்ச் சின்னம்மா இந்தக் கதையை நம்பவே மாட்டேன் என்கிறார். "எந்தக் கல்லா இருந்தா என்னடா, எம்மகளுக்குக் கல்யாணம் கூடுச்சுல்ல?" என்று வருடா வருடம் வந்து பொங்கல் வைத்துவிட்டுப் போகிறார். செல்வியும் வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசுவதை நிறுத்தவில்லை. அம்புக்குறியை மட்டும் மூடாமல் விட்டுவிடுகிறாள். ஒரு தடவை ஏன் என்று கேட்டேன். "இந்த வீட்டை வாங்குறப்ப உண்மையைச் சொன்னது அது ஒண்ணுதாங்க" என்றாள். இன்னொருத்தியும் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அதை அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது எங்கள் சமையலறையின் அகலம் ஐந்தடி. மேடை போக மீதி இடத்தில் ஓர் ஆள் நிற்கலாம். ஃபிரிட்ஜ் ஹாலுக்கு வந்துவிட்டது. ஆர்டர் எடுப்பதை அவள் விட்டுவிட்டாள். தீபாவளிக்கு வீட்டுக்கு மட்டும், நின்றுகொண்டே கொஞ்சம் முறுக்குப் பிழிகிறாள். எனக்கு மனசு கேட்காது. வாசல்படியில் போய் நிற்பேன்.

"செல்வி, நானும் உள்ள வரவா? ஒரு கை புடிக்கிறேன்."

அவள் எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வாள்:

"அளந்துட்டு வாங்க."